வீட்டுக்குள் ஒரு மாத்தளைக் கோச்சி

(மரவேலை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நம் அங்கத்தவர் ஒருவர் சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு. மலருக்காக அவரே எழுதித் தந்தது.)

 

சங்கக் காரியதரிசி சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்து, அடுத்த கூட்டத்திலே நீங்கள்தான் பேச வேண்டும் என்று கேட்டார். ஒழுக்கம், கல்வி, காலத்தின் அருமை என்று வழக்கம்போல் ஏதாவது ஒரு பொருளைத் தருவார் என்றே எண்ணினேன். அவரோ, "சேர், உங்கள் கோச்சியைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். அடுப்படியில் நின்ற என் மனைவி சிரித்தது எங்கள் இருவருக்கும் கேட்டது. போகும்போது வாசற்படியில் நின்று இன்னொரு விஷயத்தையும் மெல்லச் சொன்னார். ஆண்டு விழாவிலே அந்தக் கோச்சியைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது சபையின் விருப்பமாம். ஆனால் அதில் ஒரு சிறு மாற்றம் செய்ய முடியுமா என்று சிலர் கேட்கிறார்களாம். அந்த மாற்றம் என்ன, அதற்கு என் பதில் என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முன்னுக்குச் சொன்னால் உங்களுக்கு விளங்காது.

எங்கள் தெருப் பிள்ளைகள் அதை "வாத்தியார் கோச்சி" என்கிறார்கள். மகள் மணமுடித்துப் போனபின் சும்மா கிடந்த அறையிலே, எட்டடி நீளமும் நாலடி அகலமும் உள்ள ஒரு பலகை. அதிலிருந்து சுவரோரமாக ஓடும் ஒன்றரை அடி அகலத் தட்டு ஒன்று. அவ்வளவுதான் இடம். அதன்மேல் மாத்தளைப் புகையிரத நிலையமும், உக்குவளைப் பக்கத்துத் தேயிலையும் கொக்கோவும், கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடக்கும் பாலமும், மஹியாவைச் சுரங்கமும் இருக்கின்றன. வத்தேகாமம் இல்லை. வத்தேகாமத்து நண்பர் ஒருவர் இந்தச் சபையிலே உட்கார்ந்திருக்கிறார்; நாலு வருடமாக என்னோடு அரைக் கோபத்தில் இருக்கிறார். அவருடைய ஊரை ஏன் விட்டேன் என்பதையும் இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

அறுபதைத் தாண்டியவனுக்கு விளையாட்டுச் சாமான் எதற்கு என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். இது குழந்தை விளையாட்டாகத்தான் தொடங்கிற்று. ஜேர்மனியிலே மார்க்லின் கம்பெனி 1891ஆம் ஆண்டில் லைப்சிக் சந்தையில் தண்டவாளத்தோடு கூடிய ரயில் வரிசை ஒன்றை விற்பனைக்கு வைத்தது. இங்கிலாந்தில் பிராங்க் ஹோர்ன்பி 1920இல் சாவி கொடுத்து ஓடும் ரயிலைக் கடைக்குக் கொண்டுவந்தார். ஆனால் விளையாட்டு பெரியவர்கள் கைக்கு மாறியபோது அது வேறொன்றாகிவிட்டது. அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவர்கள் 1946இல் ஒரு மாதிரி ரயில் சங்கம் அமைத்தார்கள். பலகையின் மேலே மலையும் மரமும் செய்தவர்கள் சிலர். பலகையின் கீழே தொலைபேசிச் சாமான்களைக் கொண்டு மின்சாரச் சிக்கல்களை அவிழ்த்தவர்கள் வேறு சிலர். கீழே கிடந்தவர்களில் சிலர்தான் பிற்பாடு கம்பியூட்டரிடம் போனார்கள். "ஹேக்கர்" என்று இன்றைக்கு உலகமெல்லாம் சொல்லுகிற சொல் அந்தப் பலகைக்கு அடியிலே புழங்கியதுதான். நம் வாலிபர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஹாம்பர்க் நகரில் சகோதரர் இருவர் 2001இல் திறந்த மாதிரி ரயில் உலகத்தைக் காணத் தேசதேசமாக ஆட்கள் வருகிறார்கள். நமக்குப் பக்கத்திலே, இந்தியாவின் பூனா நகரில் ஜோஷி என்பவரின் சிற்றுருவ ரயில் காட்சிசாலை 1998இல் திறக்கப்பட்டது. ஆகவே நான் ஒருவன் மட்டும் புத்தி கெட்டவன் அல்லேன்.

இனி வேலைக்கு வருவோம். மாதிரி செய்கிறவன் முதலில் தீர்க்க வேண்டியது அளவு. உலகச் சந்தையிலே கிடைக்கும் சின்ன ரயில்களில் பெரும்பாலானவை பதினாறரை மில்லிமீற்றர் இடைவெளியுள்ள தண்டவாளத்தில் ஓடுபவை. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அது பொருந்தும். அங்கே உண்மையான பாதையின் இடைவெளி நாலடி எட்டரை அங்குலம், அதை எண்பத்தேழில் ஒன்றாகச் சுருக்கினால் பதினாறரை மில்லிமீற்றர் வரும். நம்முடைய பாதையோ அகலப் பாதை, ஐந்தடி ஆறங்குலம். அவர்களுடைய அளவிலே நம் இயந்திரத்தைச் செய்து அவர்களுடைய தண்டவாளத்தில் நிறுத்தினால், பெரிய ஆள் சின்னப்பிள்ளையின் செருப்பைப் போட்டதுபோல் இருக்கும். நான் ஆறு மாதம் இப்படித்தான் ஒரு செருப்போடு அல்லாடினேன். தண்டவாளத்தையும் நானே செய்வதென்று செப்புக்கம்பி வாங்கி, உருக்கி ஒட்டி, பாதியிலே விட்டேன்.

பிறகு ஒரு நாள், மேசையில் கிடந்த அடிமட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கணக்கு உதைத்தது. தண்டவாளத்தை மாற்றுவானேன்? அளவை மாற்றலாமே! ஓர் அடிக்கு மூன்று மில்லிமீற்றர் என்று வைத்தால், ஐந்தரை அடிக்குப் பதினாறரை. ஒரு மயிரிழையும் பிசகவில்லை. கடையிலே விற்கும் தண்டவாளமே நம்முடைய அகலப் பாதையாகிவிடுகிறது. இதை நான்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்ல வரவில்லை; பலர் முன்னமே கண்டிருப்பார்கள். ஆனால் அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்னொன்றும் பாருங்கள்: ஐந்தரை அடி உயரமான ஆளும் பதினாறரை மில்லிமீற்றர்தான். தண்டவாளத்தின் அகலமும் மனிதனின் உயரமும் ஒன்று. பொம்மை செய்யும்போது அளவுகோல் தேடத் தேவையில்லை. தண்டவாளத்தின் குறுக்கே கிடத்திப் பார்த்தால் போதும்.

அளவு வந்ததும் அடுத்த அதிர்ச்சியும் வந்தது. ஓர் அடிக்கு மூன்று மில்லிமீற்றர் என்றால் ஒரு மைல் எவ்வளவு? ஏறக்குறைய ஐம்பத்திரண்டு அடி. கண்டியிலிருந்து மாத்தளை வரை செய்வதானால் என் வீட்டைத் தாண்டி, பக்கத்து வீட்டையும் தாண்டி, பிரதான வீதி மட்டும் பலகை போட வேண்டும். வளைவு இன்னும் மோசம். நம் மலைப்பாதையிலே ஐந்து சங்கிலி ஆரமுள்ள வளைவுகள் உண்டு. உண்மையான இயந்திரத்துக்கு அது கழுத்தைத் திருப்பும் வளைவு. அதையே என் அளவில் போட்டால் ஆரம் ஒரு மீற்றருக்குப் பத்து மில்லிமீற்றர்தான் குறைவு. அரைவட்டம் திரும்ப ஆறரை அடி அகலம் வேண்டும். என்னிடம் இருப்பது நாலடிப் பலகை. ஏற்றம் மட்டும் கருணை காட்டிற்று: நாற்பத்துநாலுக்கு ஒன்று என்ற கடுகண்ணாவை ஏற்றத்தைப் போட்டாலும் எட்டடிக்குள் இரண்டங்குலத்துக்குச் சற்று மேலேதான் ஏறும்.

ஆகவே மாதிரி ரயில் என்பது சேர்க்கிற வேலை அல்ல, விடுகிற வேலை. எதை விடுவது என்று ஒவ்வொரு நாளும் தீர்மானிக்க வேண்டும். பதினெட்டங்குல ஆரத்தில் இறுக்கமாக ஒரு வளையம் போட்டேன். பார்க்க அசிங்கமாக இருந்தது. அதன்மேல் ஒரு மலையைக் கவிழ்த்து, மஹியாவைச் சுரங்கம் என்று பெயர் வைத்தேன். கண்ணுக்குத் தெரியாத வளைவைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை. பாலத்தை விட மனம் வரவில்லை. நிலையத்தை விட முடியாது. நடுவிலே இருந்தது வத்தேகாமம். நண்பரே, உங்கள் ஊர் அழகில்லாததால் விடப்படவில்லை. நாலடி குறைந்ததால் விடப்பட்டது.

மலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மரச்சட்டம், அதன்மேல் கம்பிவலை, அதன்மேல் பழைய வீரகேசரித் தாள்களைப் பசையில் நனைத்து ஏழெட்டுப் படை. முதல் மலையைக் கோதுமைமாப் பசையில் செய்தேன். ஒரு மாதம் நன்றாக இருந்தது; பிறகு கரப்பான் பூச்சிகள் மஹியாவையைத் தின்னத் தொடங்கின. பசையிலே கொஞ்சம் மயில்துத்தம் கரைத்துவிட்டால் பூச்சி அண்டாது என்று, புத்தகம் கட்டுகிற ஒரு பெரியவர் சொல்லித் தந்தார். அது நஞ்சு, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும், கையை நன்றாகக் கழுவ வேண்டும். பலகைக்குக் கறையான் வராமல் கால்களைத் தகரக் கிண்ணங்களில் நிறுத்தி எண்ணெய் ஊற்றியிருக்கிறேன். மாத்தளை மழைக்குப் பலகை ஊதும். ஆகையால் வெட்டின உடனே இரண்டு பக்கமும் பெயின்ற் பூசிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பப்படம்போல் வளையும். எனக்கு வளைந்தது.

மண்ணுக்கு நான் காசு செலவழிக்கவில்லை. வெளிநாட்டில் டப்பாவில் அடைத்து விற்கிறார்களாம். நம்மிடம் தேயிலை இருக்கிறது! குடித்து முடிந்த தேயிலைச் சக்கையை வெயிலில் நன்றாகக் காயவைத்து, மூன்று சல்லடையில் சலித்தால் மூன்று விதமான காட்டுத் தரை கிடைக்கும். தண்டவாளத்துக்கு இடையில் போடும் கல்லுக்கு ஆற்றுமணல். வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கலந்து, பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தில் ஒரு துளி விட்டுச் சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டும். சவர்க்காரம் இல்லாவிட்டால் பசை மணிமணியாக உருண்டு மணலுக்கு மேலேயே நிற்கும். பாத்திரம் தேய்க்கும் பச்சைப் பஞ்சை ஒன்பது மில்லிமீற்றர் உயரத்தில் வெட்டிக் கிள்ளினால் மூன்றடித் தேயிலைச் செடி. இரண்டாயிரத்துச் சொச்சம் செடி நட்டேன். எங்கள் ஆட்கள் ஏக்கர் கணக்கில் நட்டதை நினைத்தால் இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை, வாலிபர்களுக்காக. பன்னிரண்டு வோல்ற் நேர்மின்சாரம். ஒரு தண்டவாளம் போகும் கம்பி, மற்றது வரும் கம்பி. மின்னழுத்தத்தைக் குறைத்தால் வேகம் குறையும். கம்பிகளை மாற்றினால் வண்டி பின்னால் போகும். இவ்வளவுதான் பாடம். ஆனால் சுரங்கத்துக்குள் போன பாதை வளைந்து தன்னிடமே திரும்பி வருகிறதே, அங்கே வலது தண்டவாளம் இடது தண்டவாளத்தைச் சந்திக்கிறது. போகும் கம்பியும் வரும் கம்பியும் முட்டிக்கொண்டால் என்னவாகும்? முதல் நாள் மாலை அறையெல்லாம் வாடை. டிரான்ஸ்போமர் தோசைக்கல்லாய்ச் சுட்டது. வளையத்தின் இரு முனையிலும் தண்டவாளத்தை வெட்டி இடைவெளி விட்டு, அந்தத் துண்டுக்குத் தனியாக ஒரு சுவிச் வைக்க வேண்டும். வண்டி உள்ளே இருக்கும்போது வெளிப்பாதையின் கம்பிகளை மாற்றிவிட்டால், அது தடையின்றித் திரும்பி வெளியே வரும்.

இயந்திரம் எது என்பதிலே எங்கள் வீட்டில் இன்றும் வழக்குத் தீரவில்லை. நான் மாதிரிக்கு எடுத்துக்கொண்ட ஆண்டு 1973. அந்த ஆண்டு மாத்தளை நிலையத்தில் நான் நின்ற ஒரு காலைப்பொழுது. எனக்கு ஒன்பது வயது. என் நினைவிலே புகையும் கரிமணமும் இருக்கின்றன. என் அக்காவோ, "புகையுமில்ல ஒண்ணுமில்ல, டீசல்தான், ஒனக்குப் பொய்ஞாபகம்" என்கிறார். 1954 முதல் கனடாவிலிருந்து வந்த டீசல் இயந்திரங்கள் நம் பாதைகளில் ஓடியது உண்மை. ஆகவே காட்போட்டில் இரண்டும் செய்தேன். அக்கா வரும் நாளில் டீசல் ஓடும்.

பார்த்துச் செய்வது என்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். மகாவலியை நான் முதலில் நீலமாகப் பூசினேன். பாலமெல்லாம் முடிந்து, வார்னிஷ் ஐந்து படை அடித்து, பளபளவென்று இருந்தது. பிறகு ஒரு நாள் கண்டிக்குப் போகும் வழியில் கட்டுகஸ்தோட்டையில் பஸ் நின்றபோது கீழே பார்த்தேன். மழைநாள். ஆறு பால் தேநீரின் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து பார்த்து வரும் ஆறு! சித்திரப் புத்தகத்து ஆற்றை அல்லவா பலகையில் ஓடவிட்டிருக்கிறேன் என்று வெட்கப்பட்டேன். வீட்டுக்கு வந்து சுரண்டினேன். சுரங்க வாயின் மேலே விறகுக்கரித் தூள், தண்டவாளத்தின் பக்கவாட்டில் செங்கல் தூள், நிலையத்துச் சுவரின் அடியில் மழைச்சேறு தெறித்த கறை என்று ஒவ்வொன்றையும் நேரிலே போய்ப் பார்த்துத்தான் வைத்தேன். கடுகண்ணாவையில் 2014இல் திறந்த புகையிரத நூதனசாலைக்கு மூன்று தரம் போனேன். நிலைய அதிகாரி ஓட்டுநரிடம் கொடுக்கும் பிரம்பு வளையத்தை, அதில் தொங்கும் உலோகத் துண்டு தன்னிடம் இல்லாமல் ஒற்றைப் பாதையில் எந்த வண்டியும் நகரக் கூடாது என்ற அந்த ஏற்பாட்டை, மூக்குத்திக் கம்பியில் செய்தேன். நாலு மில்லிமீற்றர். யாருக்கும் கண்ணில் படாது. எனக்குத் தெரியும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மருமகன் இலண்டனிலிருந்து வந்தபோது ஒரு பெட்டி பொம்மை மனிதர்களைக் கொண்டுவந்திருந்தார்: தொப்பி வைத்த துரைமார், குடை பிடித்த துரைசானிகள், நாய் ஒன்று. எண்பத்தேழில் ஒன்று என்ற அளவில் செய்தவர்கள்; ஆகையால் என் மேடையில் கொஞ்சம் அரக்கர்கள் மாதிரி நின்றார்கள். இருந்தாலும் வண்ணமாக இருந்ததால் ஒட்டிவிட்டேன். ஊர்ப்பிள்ளைகள் வந்து பார்த்துக் கைதட்டினார்கள். அக்கா வந்தார். டீசலை ஓட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். பிறகு கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, இதுல நம்ம சனம் எங்க?"

நான் பதில் சொல்லவில்லை. விடுவது எது என்று நாலு வருடம் யோசித்து யோசித்துச் செய்தவன் நான். வத்தேகாமத்தை யோசித்து விட்டேன். ஆனால் எங்கள் ஆட்களை யோசிக்காமலே விட்டிருக்கிறேன்.

இந்தப் பாதை எதற்காக வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இல் ரயில் வந்தது கோப்பிக்காக. அங்கிருந்து மாத்தளைக்கு 1880இல் வந்ததும் கோப்பிக்காகவே. வேடிக்கை என்னவென்றால், 1869இலேயே கோப்பி இலையில் நோய் கண்டுவிட்டது. தண்டவாளம் மாத்தளைக்கு வந்து சேர்ந்தபோது கோப்பி சாகத் தொடங்கியிருந்தது. அந்தக் கோப்பியை நட்டவர்கள் எப்படி வந்தார்கள்? மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே, தம்புள்ளை, நாலந்தா என்று நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். வந்து சேர்ந்தவர்கள் கும்பிட்ட இடம் நமது முத்துமாரியம்மன் கோயில்; அதன் தொடக்கம் 1874 என்பார்கள். ரயிலுக்கு ஆறு வருடம் முந்தியது. தலைமன்னாருக்கு ரயில் வந்தது 1914இல்தான். என் பாட்டனாரின் தகப்பனார் நடந்து வந்தவர்.

1973ஆம் ஆண்டுப் பலகையில் நடந்து வந்தவர்களை வைக்க முடியாது; ஒரு பலகைக்கு ஓர் ஆண்டுதான் என்பது இந்தத் தொழிலின் ஒழுங்கு. அதனால் பலகையின் முன்பக்கத்து நாலங்குல விளிம்பிலே அந்த வடக்கு வழியை வரைந்தேன். மன்னாரில் தொடங்கி மாத்தளையில் முடிகிறது. ஊர்ப்பெயர் மட்டும் எழுதியிருக்கிறேன்.

மேடைக்கு வருகிறேன். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தையும், 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தையும் பெரியோர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே. மிஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டன. என் தகப்பனார் இலங்கைக்கு எழுதினார். அத்தையின் வீட்டுக்காரர் இந்தியாவுக்கு எழுதினார். ஒரே லயம், நடுவிலே ஒரு சுவர். 1973இல் அத்தை குடும்பத்துக்கு நாள் வந்தது. மாத்தளையில் ஏறினார்கள். பாட்டன் நடந்து வந்த திசை வடக்கு. ரயிலோ அவர்களைத் தெற்கே கண்டிக்கும் பேராதனைக்கும் கொண்டுபோய், பொல்காவலையில் திருப்பி, மாகோ, அனுராதபுரம், மதவாச்சி என்று சுற்றித் தலைமன்னாரில் இறக்கும். அங்கே இராமானுஜம் கப்பல். மலைநாட்டிலே அந்த வண்டிகளுக்கு வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. இளையவர்கள் இந்தப் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

எனக்கு அந்தக் காலை முழுவதும் ஞாபகமில்லை. கோழி ஞாபகம் இருக்கிறது. அத்தை ஒரு கூடையில் தன் முட்டைக்கோழியைக் கொண்டுவந்திருந்தார். கப்பலிலே ஏற்ற விடமாட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். அத்தை நம்பவில்லை. எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்க, அவர் மட்டும் கோழிக்காக வாதாடிக்கொண்டிருந்தார். வண்டி நகரத் தொடங்கிய பிறகுதான் ஜன்னல் வழியாகக் கூடையை அம்மாவின் கையில் தந்தார். அந்தக் கோழியை அறுக்க அம்மா கடைசிவரை விடவில்லை. நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் இருந்து அத்தையின் முதல் கடிதம் வந்தது. அதிலும் கோழியைத்தான் விசாரித்திருந்தார்.

துரைமாரைப் பெயர்த்து எடுத்தேன். அது 2022. மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் போனதே, அந்த நாட்கள். கோச்சி ஓடாது, வேறு வேலையுமில்லை. குப்பி விளக்கு வெளிச்சத்தில் வயருக்குள் இருக்கும் மெல்லிய செப்புக்கம்பியை முறுக்கிக் கை, கால், தலை, அதன்மேல் பசைமாவு, சீலைக்கு மெல்லிய தாள். தண்டவாளத்தின் குறுக்கே கிடத்தி அளவு பார்ப்பேன். இருபத்துமூன்று பேர். டிரங்குப் பெட்டிகள், பாய்ச்சுருள்கள், ஒரு கோழிக்கூடை. கூடை ஐந்து மில்லிமீற்றர். கோழியின் தலை கடுகை விடச் சிறியது. என் கண்ணாடியின் இலக்கம் அந்த வருடம் மாறிற்று.

இப்போது காரியதரிசி வாசற்படியில் கேட்டதைச் சொல்கிறேன். விழாவுக்குச் சின்னப் பிள்ளைகள் வருவார்கள், வெளியூர் விருந்தினர் வருவார்கள். மேடையில் அழுகிறவர்களை எடுத்துவிட்டுச் சாதாரணப் பிரயாணிகளை வைக்கலாமே, சந்தோஷமான நாளில் எதற்கு அது என்று சிலர் அபிப்பிராயப்படுகிறார்களாம். நான் கோபப்படவில்லை. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பொம்மைகளை நான் ஒட்டவில்லை. ஊசியில்தான் குத்தி வைத்திருக்கிறேன். ஆகவே ஒரு வாரம் எடுத்துப் பார்த்தேன். வெறும் மேடையிலே வண்டி வந்து நின்று போயிற்று. பார்க்க அழகாகத்தான் இருந்தது, உள்ளதைச் சொல்ல வேண்டும்.

அந்த வாரத்திலே, ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு வயோதிப அம்மா, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு, கோச்சி பார்க்க வந்தார். பேரனுக்காகத்தான் வந்தவர். பையன் இதற்கு முன்னர் ஒரு தரம் வந்தவன். "ஆளுங்கள காணமே" என்றான். சரியென்று ஊசிகளை மறுபடி குத்தி வைத்தேன். அம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு கிட்டக் குனிந்தார். "யாரு போறது?" என்றார். என் அத்தை என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பொட்டி கறுப்பில்ல வாத்தியாரே, பச்சை. வெள்ளப் பெயின்ற்ல பேரு எழுதியிருக்கும். எங்க அண்ணன் பொட்டியில நாந்தான் எழுதினேன், எனக்குத்தான் எழுத்து தெரியும்" என்றார். அண்ணனுடைய பெயரையும் சொன்னார். பையன் அவருடைய முகத்தைப் பார்த்தான். அப்படி ஒருவர் இருந்ததே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்ததுபோலும். அன்றிரவு பெட்டிகளையெல்லாம் பச்சையாக்கினேன். ஒன்றில் ஒற்றை மயிர்த் தூரிகையால் வெள்ளையில் ஒரு கீறு. எழுத்து என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆகவே காரியதரிசி அவர்களே, கோச்சி விழாவுக்கு வரும். ஆட்களும் வருவார்கள். சபை இதற்குச் சம்மதிக்காவிட்டால் கோச்சி என் வீட்டிலேயே இருக்கட்டும். வருத்தமில்லை, பார்க்க விரும்புகிறவர்கள் அங்கே வரலாம்.

எனக்குச் சில உதவிகள் வேண்டும். பலகையைத் தூக்க நாலு வாலிபர்கள். படியில் திருப்பும்போது பாலத்தில் கை வைக்காதவர்களாக இருக்க வேண்டும். நிலையத்தின் பழைய புகைப்படம் யாரிடமாவது இருந்தால், 1980க்கு முந்தியதாக இருந்தால், ஒரு நாள் இரவல் தாருங்கள். கூரை ஓரத்து மரவேலை எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. மேடையில் யார் யாரை வழியனுப்பினீர்கள், என்ன கொண்டுபோனார்கள் என்று பெரியோர்கள் வந்து சொன்னால் எழுதி வைத்துக்கொள்வேன். இடம் இன்னும் இருக்கிறது. மேடை இரண்டடி நீளம். தேயிலைச் சக்கை கொண்டுவருபவர்கள் தயவுசெய்து நன்றாகக் காயவைத்துக் கொண்டுவாருங்கள். சென்ற முறை ஒருவர் ஈரத்தோடு தந்ததை அவசரத்தில் போட்டுவிட்டேன். உக்குவளை முழுவதும் பூஞ்சணம் பிடித்துவிட்டது.